மானுக்கு மாதம் ஏது?



மாசாய் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால், ஆப்பிரிக்காவில் ஈட்டியும் கையுமாக மாடு மேய்க்கும் மாசாய் மக்களைச் சொல்வார்கள். அந்தப் புல்வெளியில் திரியும் மான் கூட்டத்தையும் சிங்கத்தையும் சேர்த்தே சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அந்த மாசாய் அல்ல. ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் துறைமுகத்திற்குப் போகும் வழியில் இருக்கிறதே, நம்முடைய மாசாய், அதைத்தான் சொல்கிறேன்.

இந்த மாசாயில் மான் ஏது என்று நீங்கள் சிரிக்கலாம். கன்டேனர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒரு தாமான் முடியும் இடத்தில் இன்னொரு தாமான் தொடங்குகிறது. ஆனாலும் மாலை நேரத்தில் இங்குள்ள ஒட்டுக்கடைக்கு வந்து, வயதான பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைப் பக்கம் காதைக் கொடுத்துப் பாருங்கள். கித்தா மரம் வெட்டிய காலத்துப் பேச்சு வந்தால், அதில் ஒரு மான் கட்டாயம் குறுக்கே ஓடும். விடியற்காலை இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்கள் பச்சையாக மின்னியதும், மறு நொடி "டாங்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அது மறைந்ததும், மரம் வெட்ட வந்தவர் வாளியைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடியதும் இன்றும் அங்கே கதையாக இருக்கின்றன.

அந்த மானைத் தேடி உங்களை ஒரு நாள் பயணம் அழைத்துப் போகிறேன். வெறும் மானைக் காட்டுவதற்காக மட்டும் அல்ல. மான் எப்போது துணை தேடுகிறது, எப்போது குட்டி போடுகிறது என்ற ஒரு சின்னக் கேள்வி பல ஆண்டுகளாக என் மனத்தில் இருந்தது. அதற்கு விடை தெரிந்த பிறகு, மான் இறைச்சி என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

மாசாயிலிருந்து உலு திராம் வழியாகக் கோத்தா திங்கிக்கு வாருங்கள். பசியாறிவிட்டு மெர்சிங் சாலையில் வடக்கே திரும்பினால், சற்று நேரத்தில் செம்பனை குறைந்து காடு கூடும். இடப்பக்கம் பந்தி மலைக் காடு. யானை குறுக்கே வரும், கவனம் என்று பலகை வைத்திருப்பார்கள். ஜெமாலுவாங் முச்சந்தியில் இடப்பக்கம் குளுவாங் சாலையைப் பிடித்தால் கஹாங் வந்துவிடும். அங்கிருந்து உள்ளே 56 கிலோமீட்டர் செம்மண் பாதை. சாதாரணக் கார் போகாது, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். உடம்பு ஆட்டம் கண்டு, முதுகு நோகும் நேரத்தில் பெத்தா என்ற ஜக்கூன் பூர்வகுடி மக்களின் கிராமம் வரும். அதுதான் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஒரு வாசல்.

இந்தக் காட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1985-ஆம் ஆண்டிலும் 1986-ஆம் ஆண்டிலும் மலாயா இயற்கைக் கழகம் இங்கே ஒரு பெரிய ஆய்வுப் பயணத்தை நடத்தியது. விஞ்ஞானிகளும் தொண்டர்களும் மாதக் கணக்கில் கூடாரம் அடித்துத் தங்கி, இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எழுதி வைத்தார்கள். அதன் பிறகு 1993-இல் இது ஜொகூரின் தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. மரம் வெட்டும் கம்பெனிகளின் கைக்குப் போயிருக்க வேண்டிய காடு, இன்று நாம் நடந்து பார்க்கும்படி நிற்கிறது.

நம் காட்டில் மூன்று வகை மான்களைச் சொல்வார்கள். ஒரு பூனை அளவே இருக்கும் சருகுமான். மலாய்க் கதைகளில் முதலையையும் புலியையும் ஏமாற்றும் சாங் காஞ்சில் இதுதான். அடுத்தது, நாயைப் போலக் குரைக்கும் கேளையாடு, மலாயில் கீஜாங். மூன்றாவது, இவை எல்லாவற்றுக்கும் பெரிய அண்ணனான கடமான். மலாயில் ரூசா என்றாலே இதைத்தான் நினைப்பார்கள். கன்னியாகுமரிப் பக்கத்தார் மிளா என்பார்கள். இலங்கை மலைத் தோட்டங்களில் உங்கள் உறவினர் இருந்தால், அவர்கள் மரை என்பார்கள். நுவரெலியாவுக்கு அப்பால் ஓட்டன் சமவெளியில் இவை பட்டப்பகலிலேயே மேய்வதைப் பார்க்கலாம். பேர்தான் வேறு வேறு. மான் ஒன்றுதான்.

பெத்தாவில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு ஜக்கூன் பெரியவர். பேச்சு குறைவு. ஓடைக்கரையில் ஒரு மரத்தைக் கைகாட்டினார். என் மார்பு உயரத்தில் பட்டை உரிந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. பத்தடி தள்ளி, ஒரு எருமை புரண்ட மாதிரி சேற்றுக்குழி. குனிந்து மோந்து பார்க்கச் சொன்னார். மோந்தேன். ஆட்டுக்கிடாயின் வாடையைப் பத்து மடங்காக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது!

அது ஆண் கடமான் துணை தேடும் இடம்.

வாசகர்களே, மான் கொம்பும் மாட்டுக் கொம்பும் ஒன்றல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டுக்கு ஒருமுறை முளைத்த கொம்பு சாகும்வரை இருக்கும். மானின் கொம்பு எலும்பு. அது விழுந்து மறுபடி முளைக்கும். முளைக்கும்போது வெல்வெட்டுத் துணி போன்ற மெல்லிய தோல் அதைப் போர்த்தியிருக்கும். தோலுக்குள் ரத்தம் ஓடும், தொட்டால் சுடும். கொம்பு முற்றியதும் ரத்தம் நின்று தோல் காய்ந்துபோகும். அந்தக் காய்ந்த தோலை மரத்தில் தேய்த்து உரித்தெடுத்த பிறகுதான் ஆண்மான் மாப்பிள்ளைக் கோலத்துக்கு வருகிறது.

அப்போது அதன் கழுத்து தடித்துப் பிடரிமயிர் சிலிர்த்து நிற்கும். தொண்டைக்குக் கீழே மயிர் உதிர்ந்து, சிவந்த புண் மாதிரி ஒரு வட்டம் தெரியும். பார்க்கிறவர்கள் நோய் என்று நினைப்பார்கள். நோயல்ல, பருவத்தின் அடையாளம். தன் மூத்திரம் கலந்த சேற்றில் புரண்டு, உடம்பெல்லாம் அந்த வாடையைப் பூசிக்கொள்ளும். பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து நின்று, தலைக்கு மேலே தொங்கும் கிளைகளைக் கொம்பாலும் முகத்தாலும் உரசும். கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியின் வாடையை அங்கே விட்டுவிட்டுப் போகும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று எழுதி ஒட்டுவது போலத்தான். எதிரி ஆண் வந்தால் கொம்போடு கொம்பு பூட்டித் தள்ளும். பெண்மான்கள் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு வரும். ஆடுமாடு போலப் பெரிய மந்தையைக் கட்டி மேய்க்கும் பழக்கம் கடமானுக்கு இல்லை. இரண்டோ மூன்றோ பெண்கள் வந்து சில நாள் கூட இருக்கும், பிறகு பிரிந்து போகும்.

பெண் வயிற்றில் ஏறத்தாழ எட்டு மாதம். ஒரு குட்டிதான். புள்ளிமான் குட்டி போல முதுகெல்லாம் பொட்டு இருக்காது. பழுப்பு நிறத்தில், காய்ந்த இலைக்குள் இருந்தால் காலில் மிதிபடும் வரை கண்ணில் படாது. தாய் அதைப் புதரில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும், வந்து பால் கொடுக்கும். நம் அம்மாமார் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனார்களே, அதே ஏற்பாடு. ஒன்றுதான் குறை. அங்கே ஆயா இல்லை.

இனி ஒரு நிமிடம் நம் காட்டை விட்டு வெளியே வாருங்கள். கடமானுக்கு வடக்கே ஒரு பெரியப்பா மகன் இருக்கிறான். கனடா, அலாஸ்கா, சுவீடன், ரஷ்யா முதலிய பனிநாடுகளில் வாழும் மூஸ் என்ற மான். உலகத்து மான்களில் இதுவே பெரியது. அலாஸ்காவின் கிடாய் 600 கிலோவைத் தாண்டும். கொம்பு கிளைக்கொம்பாக இல்லாமல் முறம் போல அகலமாக விரிந்திருக்கும்.

அதுவும் சேற்றுக்குழி தோண்டி மூத்திரத்தில் புரளும். அதுவும் மரத்தில் கொம்பைத் தேய்க்கும். கடமான் செய்கிற எல்லாவற்றையும் செய்யும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதற்குக் காலண்டர் இருக்கிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, அந்த நான்கு வாரத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். பெண் மூஸ் நீளமாக ஓலமிட்டு அழைக்கும், அந்தக் குரல் வெகுதூரம் கேட்கும். ஆண் தொண்டைக்குள் உறுமிக்கொண்டே வரும். அந்த நாள்களில் ஆணுக்குச் சாப்பாடே இறங்காது. பெண் துணையை ஏற்பது ஏறத்தாழ ஒரே ஒரு நாள்தான். அந்த நாள் தப்பினால் மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு.

ஏன் இவ்வளவு அவசரம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் கருவுற்றால், எட்டு மாதம் கழித்து மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ கன்று பிறக்கும். அப்போது பனி உருகி, இளந்தளிர் எங்கும் துளிர்த்திருக்கும். தாய்க்குப் பால் ஊறும். கன்று கோடை முழுவதும் தின்று பெருத்து, அடுத்த பனிக்காலத்தைத் தாங்கும். ஒரு மாதம் தாமதமாகப் பிறந்த கன்று, சின்ன உடம்போடு பனியில் போய் மாட்டிக்கொள்ளும். பிழைப்பது சிரமம்.

மாதத்தை மூஸுக்கு அறிவிப்பது சூரியன். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் ஜூன் மாதப் பகல் 19 மணி நேரத்துக்கு மேல். டிசம்பர் மாதப் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. பகல் குறையக் குறைய அதன் உடம்புக்குள் சுரப்பிகள் விழிக்கின்றன. எல்லா மூஸ்களும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்ப்பது போல ஒன்றாகத் தயாராகின்றன.

இந்தியாவுக்கு வந்தால் கயிறு கொஞ்சம் தளர்கிறது. ஜார்ஜ் ஷாலர் என்ற அறிஞர் 1960-களில் மத்திய இந்தியாவின் கானா காட்டில் தங்கி மான்களையும் புலிகளையும் ஆராய்ந்தார். அங்கே கடமான்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இணை சேர்கின்றன. நம் கணக்கில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அங்கே கோடையும் மழையும் பனியும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன அல்லவா?

இப்போது மாசாய்க்குத் திரும்புங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றரை டிகிரியில் இருக்கிறோம். இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சில நிமிடங்களே. தைப்பூசத்துக்கு எழுந்தாலும் ஆடிப்பூரத்துக்கு எழுந்தாலும் பெரட்டு நேரத்தில் ஒரே இருட்டுதான். மழை கூடும், குறையும். ஆனால் தளிர் இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. குட்டி எந்த மாதத்தில் பிறந்தாலும் தாய்க்குத் தின்ன ஏதாவது கிடைக்கும்.

ஆகவே நம் காட்டுக் கடமானுக்குப் பொதுவான மாதம் என்று ஒன்று இல்லை. ஒரே காட்டில், ஒரே வாரத்தில், ஓர் ஆணுக்குக் கொம்பு முற்றியிருக்கும். இன்னொன்றுக்கு வெல்வெட்டுத் தோல் போர்த்தியிருக்கும். மூன்றாவது கொம்பை உதிர்த்துவிட்டுப் பெண்மான் போல நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலண்டர். பெண்மான்களும் அப்படித்தான். ஒன்று துணை தேடும் நேரத்தில், ஒன்று சினையாக இருக்கும். மற்றொன்று குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கேளையாடும் ஆண்டு முழுவதும் இணை சேரும். சருகுமானின் கதை இன்னும் ஆச்சரியமானது. அது ஏறத்தாழ நாலரை மாதம் வயிற்றில் சுமந்து ஒரு குட்டி போடும். போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி இணை சேர்ந்துவிடும்! குட்டி மடியில் இருக்கும்போதே அடுத்தது வயிற்றில். வளர்ந்த பெண் சருகுமான் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் சினையாகவே கழிக்கிறது என்றால் மிகையில்லை.

அந்த ஜக்கூன் பெரியவரிடம் நான் கேட்டேன்: "ஐயா, இங்கே ரூசா எந்த மாதம் குட்டி போடும்?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மலாயில் இரண்டே வார்த்தை சொன்னார்.

"தியாப் தியாப் பூலான்."

ஒவ்வொரு மாதமும்! அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்து வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது.

கோத்தா திங்கிப் பக்கத்தில் காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தேன். 1970-களின் கடைசி. சம்பளம் போட்ட வாரத்தில், வெளியாள் ஒருவர் எப்போதாவது மான் இறைச்சி கொண்டு வருவார். லயத்துக்குப் பின்னால் வாழை இலையில் கூறு போடுவார்கள். மாதம் ஒருமுறை கோழி அடிக்கிற வீடுகளுக்கு அது திருவிழா. யாரும் அதைப் பாவமாக நினைத்ததில்லை. பசிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்படி நினைக்கச் சொல்லவும் முடியாது.

ஒரு தடவை அப்பா முந்திக்கொண்டு போய், மானை அறுக்கும்போதே பக்கத்தில் நின்று, நல்ல கூறாக வாங்கி வந்தார். பாட்டி சட்டியைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டாள். மிளகும் சீரகமும் அம்மியில் அரைத்த வாசம் வீடு முழுவதும். பின்னாலேயே பக்கத்து வீட்டு அக்கா வந்து, வாசற்படியில் நின்று பாட்டியிடம் மெல்லச் சொன்னாள். அறுத்தபோது வயிற்றில் குட்டி இருந்ததாம். மயிர் முளைத்த குட்டியாம்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, நீ பாத்தியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டுட்டுத்தாம்மா வாங்கினேன். இது குட்டி போடுற மாசம் இல்ல, ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாரு. அறுத்தப்புறந்தான் தெரிஞ்சுது. காசு கொடுத்தாச்சு."

பாட்டி சட்டியை இறக்கி வைத்தாள். "சூலிக்காரிய அறுத்த கறி இந்த வீட்டுல வேகாது," என்றாள். சத்தம் போடவில்லை. அரைத்த மசாலாவை வீணாக்காமல் அதில் உருளைக்கிழங்கைப் போட்டுக் குழம்பு வைத்தாள். அன்று எங்கள் அம்மாவுக்கு என் தங்கை வயிற்றில். அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை. எனக்கு விவரம் புரியாத வயது. கறி போயிற்றே என்று அழுதேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விற்றவர் பொய் சொன்னார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பெத்தாவில் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு வேறொன்று புரிந்தது. அவர் பொய் சொல்லாமலும் இருந்திருக்கலாம். மானுக்கு ஒரு மாதம் உண்டு, மற்ற மாதத்தில் சுட்டால் குற்றமில்லை என்று அவரும் உண்மையாகவே நம்பியிருக்கலாம். பனிநாட்டில் அந்த நம்பிக்கை ஓரளவு பொருந்தும். அங்கே கன்று எப்போது பிறக்கும், எப்போது தாயை விட்டுப் பிரிந்து பிழைக்கும் என்று தெரியும். அதை வைத்து வேட்டைக்கு நாள் குறிக்கிறார்கள். நம் காட்டில் அப்படி ஒரு நாளைக் குறிக்க முடியாது. ஜனவரியில் சுட்டாலும் ஜூலையில் சுட்டாலும், அந்தப் பெண்மான் சினையாக இருக்கலாம், அல்லது புதரில் ஒரு குட்டி அதன் பாலுக்காகக் காத்திருக்கலாம்.

துப்பாக்கியாவது பார்த்துச் சுடுகிறது. கண்ணி அதுவும் இல்லை. கம்பி வடத்தில் சுருக்குப் போட்டு மான் நடக்கும் பாதையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆணா பெண்ணா, சினையா இளசா என்று கம்பிக்குத் தெரியுமா? மான் மட்டுமல்ல, புலியும் யானைக்குட்டியும் அதில் காலை விட்டு அறுபட்டு நிற்கின்றன.

இதன் விளைவு என்ன? 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில், தீபகற்ப மலேசியாவின் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே இருப்பதாகத் தெரிய வந்தது. புலி குறைந்ததற்குப் புலி வேட்டை ஒரு காரணம். அதன் சாப்பாடான கடமான் குறைந்தது இன்னொரு காரணம். ஆண்டுக்கு ஒரே குட்டி போடுகிற விலங்கு, தாய்களை இழந்தால் எப்படி ஈடுகட்டும்?

மிகவும் குறைந்துபோனால் இன்னொரு ஆபத்தும் வருகிறது. துணை கிடைக்காது. எண்டாவ் ரொம்பின் காட்டில் ஒரு காலத்தில் சுமத்திரா காண்டாமிருகம் வாழ்ந்தது. ஒன்றை ஒன்று தேடிக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவை சிதறிப் போயின. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் சபாவில் பராமரிக்கப்பட்ட கடைசி ஆண் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் கடைசிப் பெண்ணும் இறந்தது. அத்துடன் மலேசியாவில் அந்த இனமே முடிந்துபோயிற்று. ஆண் சேற்றில் புரண்டு வாடையைப் பரப்பினாலும், அதை மோந்து வர ஒரு பெண் இருந்தால்தானே?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் பழைய வனவிலங்குச் சட்டத்துக்குப் பதிலாக 2010-இல் புதிய சட்டம், 716-ஆவது சட்டம், வந்தது. அதில் பெண் விலங்கைக் கொல்வதற்கும், வளராத குட்டியைக் கொல்வதற்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்துத் தண்டனை சொல்லியிருக்கிறார்கள். கண்ணி வைப்பதும் குற்றம். கடமான், கேளையாடு இரண்டின் வேட்டைக்கும் 2009-இலேயே தடை போட்டார்கள். எங்கள் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. அவள் அன்று அடுப்படியில் சொன்னதைத்தான் பின்னாளில் சட்டப் புத்தகமும் சொல்கிறது.

வாசகர்களே, முடிந்தால் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெத்தாவுக்குப் போய் வாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்காவை மூடுவதுண்டு. ஆகவே முன்கூட்டியே ஜொகூர் தேசியப் பூங்கா அலுவலகத்தில் விசாரித்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் வண்டிச் செலவு கைக்கு அடங்கும். அட்டை கடிக்கும், நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். இலையின் சாறு இறங்கிய நிறம் அது.

மானைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். கடமான் இரவில் மேய்கிற விலங்கு, நம் வாடை தெரிந்தாலே ஒதுங்கிவிடும். நானும் பார்க்கவில்லை. ஆனால் உரிந்த மரப்பட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சேற்றுக்குழியின் ஓரத்தில் இரட்டைக் குளம்பின் தடத்தைக் காட்டுங்கள். பெரிய தடத்துக்குப் பக்கத்தில் சின்னத் தடம் தெரிந்தால், தாயும் குட்டியும் அந்த வழியே போயிருக்கின்றன என்று சொல்லிக் கொடுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு தடம் கிடைத்தது. சின்னத் தடம் என் கட்டை விரல் நீளம்கூட இல்லை. வழிகாட்டிப் பெரியவர் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார். நாங்களும் அப்படியே நடந்தோம்.

அன்று இரவே மாசாய்க்குத் திரும்பிவிட்டோம். பாசிர் கூடாங் சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது, பக்கத்து மேசை நண்பர் ஒருவர் வழக்கம் போலப் பேச்சை எடுத்தார். "தீபாவளிக்கு மான் கறி வருதாம் அண்ணே. காட்டு மான். சொல்லி வைக்கட்டுமா?"

முன்பெல்லாம் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அன்று அவரை உட்கார வைத்து, இந்தக் கட்டுரையில் உங்களுக்குச் சொன்னதை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கடைசியில், "அப்போ எந்த மாசந்தான் அண்ணே சாப்பிடலாம்?" என்றார்.

"ஒரு மாசமும் இல்லை தம்பி," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "வீட்டுல மருமகளுக்கு இது ஏழாம் மாசம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆட்டுக்கறிதான் வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டு வாசலுக்கும் யாராவது ஒரு நாள் அந்தக் கூறைக் கொண்டு வந்து, "இது குட்டி போடுற மாசம் இல்லீங்க" என்று சொல்லக்கூடும். அப்போது பெத்தாக் காட்டுப் பெரியவரின் இரண்டு வார்த்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.